கம்பமில்லா ஊரில் கம்பி வேலை

வாசகர் கேள்வி - பதில்

மின்வேலை படிக்கும் மாணவர்கள், அவர்களுடைய பெற்றோர், பயிற்றுநர்கள் ஆகியோர் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் கேபிள் இணைப்பும் வயரிங்கும் கற்றுத் தருபவர்கள் பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: மகன் ஐடிஇ-யில் (தொழில்நுட்பக் கல்விக் கழகம்) மின்வேலை படிக்க ஆசைப்படுகிறான். ஊரில் என் மாமா லைன்மேன். கம்பம் ஏறுவதுதான் அந்த வேலை என்று நினைத்திருந்தேன். சிங்கப்பூரில் கம்பமே கண்ணில் படுவதில்லையே, இங்கே லைன் வேலை என்று எதைக் கற்றுத் தருகிறார்கள்?
- பொங்கோல் வாசகி

பதில்: கம்பம் இல்லை, லைன் இருக்கிறது. எல்லாம் காலுக்குக் கீழே ஓடுகிறது. இங்கே மின்சாரம் 400, 230, 66, 22, 6.6 கிலோவோல்ட் என்று படிப்படியாக இறங்கி, கடைசியில் 400/230 வோல்ட்டாக உங்கள் புளோக்குக்கு வந்து சேர்கிறது. ஏறக்குறைய முழுப் பயணமும் நிலத்தடிக் கேபிளில்தான். பெரிய கேபிள்களுக்கென்றே சுமார் 35 கிலோமீட்டர் சுரங்கம் தோண்டியிருக்கிறார்கள். சில இடங்களில் அது 60 மீட்டர் ஆழத்தில் போகிறது.

அதனால் உங்கள் மாமாவுக்கு ஏறுவதும் கம்பி இழுப்பதும் எப்படியோ, இங்கே படிக்கும் பிள்ளைக்குக் கேபிளைச் சீவுவதும் இணைப்பதும் முனை கட்டுவதும் (கேபிள் முடியும் இடத்தைக் காப்போடு முடிப்பது) சோதிப்பதும் அப்படி. மேலே தொங்கும் கம்பியில் பழுது என்றால் கண்ணுக்குத் தெரியும். மண்ணுக்குள் போட்ட இணைப்பில் தெரியாது. கட்டிய அன்று எல்லா இணைப்பும் ஒரே மாதிரி பளபளப்பாகத்தான் இருக்கும். மோசமாகக் கட்டியது வெடிக்கச் சில மாதங்களோ சில ஆண்டுகளோ ஆகலாம். ஆகவே அழகாக இருக்கிறதா என்று பார்த்து மதிப்பெண் போடும் பட்டறையைவிட, அறுத்துப் பார்த்தும் அளந்து பார்த்தும் மதிப்பெண் போடும் பட்டறையில் சேர்வது நல்லது. சேர்க்கும்போது அதை விசாரியுங்கள்.

கேள்வி: பகுதிநேரப் பயிற்றுநராக இருக்கிறேன். 'ஆஃப் செய், பூட்டு, சோதி' என்று மாணவர்கள் தூக்கத்தில்கூடச் சொல்கிறார்கள். ஆனால் பலகையின் முன் நின்றால் சுவிட்சை அணைத்துவிட்டு நேரே கையை வைக்கிறார்கள். எப்படித் திருத்துவது?
- ஜூரோங் ஈஸ்ட்

பதில்: வாயால் சொல்ல வைத்தே பழக்கியதால் வந்த வினை இது. ஒப்பிக்கும் தேர்வை நிறுத்துங்கள். பொய் சொல்லும் பலகை ஒன்றைச் செய்யுங்கள்.

24 வோல்ட்டில் ஓடும் பயிற்சிப் பலகை போதும். அதில் மூன்று வம்புகளை ஒளித்து வையுங்கள். முதலாவது, லேபிள் மாறிய எம்சிபி (சுற்றைத் தானாகத் துண்டிக்கும் சிறு சுவிட்ச்): 'பம்ப் 2' என்று எழுதியிருக்கும், அணைத்தால் பம்ப் 1 நிற்கும். இரண்டாவது, வேறொரு மூலத்திலிருந்து பின்வழியாக வரும் மின்சாரம்: பிரதான சுவிட்சை அணைத்த பிறகும் ஒரு முனையில் மின்சாரம் இருக்கும். மூன்றாவது, பகிர்ந்த நியூட்ரல். இரண்டு சுற்றுகள் ஒரே நியூட்ரலில் திரும்பி வரும்போது ஒன்றை மட்டும் அணைத்து அந்த நியூட்ரலைக் கழற்றினால், மற்றச் சுற்றின் விளக்கு வழியாக வந்து கழற்றிய முனையில் முழு மின்னழுத்தமும் நிற்கும். 'நியூட்ரல்தானே' என்ற அலட்சியத்துக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது.

இத்தனைக்கும் மேலாக, பத்து டெஸ்டர்களில் ஒன்றின் பேட்டரியை எடுத்துவிட்டு மாணவர் கையில் கொடுங்கள். விளக்கு எரியவில்லை, ஆகவே லைன் செத்துவிட்டது என்று நம்புகிறவர் யார் என்பது உடனே தெரிந்துவிடும்.

வரிசை இதுதான். எந்தச் சுற்று என்று வரைபடத்தில் பார்ப்பது. அணைப்பது. தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது. அட்டை தொங்கவிடுவது. மின்சாரம் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த ஓர் இடத்திலோ, சோதனை மின்மூலத்திலோ டெஸ்டரை வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்ப்பது. பிறகு சுற்றைச் சோதிப்பது. பிறகு திரும்பவும் டெஸ்டரை அதே மூலத்தில் வைத்துப் பார்ப்பது. எல்லாரும் விடுவது இந்தக் கடைசிப் படியைத்தான். நடுவில் டெஸ்டரின் வயர் அறுந்திருந்தால் அதைக் காட்டிக்கொடுப்பது அது ஒன்றுதான்.

மும்முனைச் சுற்றில் (மின்சாரம் மூன்று கம்பிகளில் வரும் சுற்று; ஒவ்வொரு கம்பியும் ஒரு முனை) எத்தனை அளவு எடுக்க வேண்டும் என்று கேட்டால் பலர் மூன்று என்பார்கள். பத்து. முனைக்கு முனை மூன்று, முனைக்கும் நியூட்ரலுக்கும் மூன்று, முனைக்கும் எர்த்துக்கும் மூன்று, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்று. பத்தையும் சத்தமாக எண்ணிக்கொண்டே செய்யச் சொல்லுங்கள். எட்டில் நின்றவர் தானே உணர்வார்.

கருவியிலும் கறாராக இருங்கள். பேனா டெஸ்டரை நம்பி 'செத்தது' என்று முடிவு கட்டக்கூடாது. கவசமுள்ள கேபிளுக்குள் இருக்கும் மின்சாரம் அதற்குத் தெரியாது. பக்கத்து வயரின் தூண்டலில் சும்மா சும்மா சிணுங்கவும் செய்யும். மல்ட்டிமீட்டரில் வேறு தொல்லை: ஆம்பியர் துளையில் வயரைச் செருகிவிட்டு வோல்ட் அளக்கப் போனால் அது நேரடி ஷார்ட். தவிர, அதன் உள்மின்தடை மிக அதிகம் என்பதால், பக்கத்துப் பக்கத்தில் நீளமாக ஓடும் கேபிள்களில் எங்கும் இணைக்காத வயர்கூட 60, 90 வோல்ட் என்று காட்டி மாணவனைக் குழப்பும். இரண்டு கைப்பிடியுள்ள மின்னழுத்த டெஸ்டர் கொஞ்சம் மின்னோட்டத்தை இழுப்பதால் அந்தப் பேய் வோல்ட் மறைந்துவிடும். பட்டறைக்கு வாங்கினால் அதைத்தான் வாங்க வேண்டும்.

மதிப்பெண்ணிலும் ஒரு மாற்றம் செய்யுங்கள். வேலை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், திரும்பச் சோதிக்கும் படியை விட்டவருக்கு அந்த வேலைக்குப் பூஜ்யம். ஐந்து மதிப்பெண் குறைப்பது பயன் தராது. ஐந்தை இழந்து வேகத்தில் பத்து சம்பாதிக்கலாம் என்று பிள்ளைகள் நன்றாகவே கணக்குப் போடுவார்கள்.

கேள்வி: 22 கிலோவோல்ட் எக்ஸ்எல்பிஇ (ஒருவகை பிளாஸ்டிக் காப்பு) கேபிளில் முனை கட்டும் பயிற்சி செய்கிறோம். கறுப்பு அரைக்கடத்தி உறையை வெட்டும்போது உள்ளே வெள்ளைக் காப்பில் மெல்லிய கத்திக்கோடு விழுந்துவிட்டது. மேலே சூட்டில் சுருங்கும் குழாயைச் சுருக்கிவிட்டால் மூடிவிடுமே என்றேன். பயிற்றுநர் முழுதையும் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி செய்யச் சொன்னார். இது அநியாயமில்லையா?
- மாணவர், சிமெய்

பதில்: இல்லை. உங்கள் பயிற்றுநர் பக்கம்தான் நாங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 22 கிலோவோல்ட் அமைப்பில் ஒரு கடத்திக்கும் மண்ணுக்கும் இடையே 12.7 கிலோவோல்ட். அதைத் தாங்கும் வெள்ளைக் காப்பின் தடிமன் சுமார் 5.5 மி.மீ. ஆக, ஒவ்வொரு மில்லிமீட்டரும் சராசரியாக 2.3 கிலோவோல்ட்டைச் சுமக்கிறது. எக்ஸ்எல்பிஇ-க்கு இது விளையாட்டு. ஆனால் கத்திக்கோட்டில் தங்குவது காற்று. எக்ஸ்எல்பிஇ-யின் மின்காப்பு மாறிலி 2.3, காற்றுக்கு 1. அதனால் அந்த மெல்லிய இடைவெளிக்குள் மின்புலம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறும். மில்லிமீட்டருக்கு 5 கிலோவோல்ட்டைத் தாண்டும். காற்று தாங்குவதோ பொதுக் கணக்கில் மில்லிமீட்டருக்கு 3 கிலோவோல்ட். போதாக்குறைக்கு, உங்கள் கோடு விழுந்தது உறை முடியும் விளிம்பில். மின்புலம் நெருக்கியடித்து நிற்கும் இடமே அதுதான். அங்கே நொடிக்குப் பல முறை சிறு பொறிகள் வெடித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றும் பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் அரிக்கும். அது மரக்கிளைபோல் உள்ளே வளர்ந்து, ஒருநாள் கடத்தியைத் தொடும். மேலே எவ்வளவு நல்ல குழாயைச் சுருக்கினாலும் கோட்டுக்குள் இருக்கும் காற்று வெளியே போகாது.

கோடு விழாமல் வெட்டுவது எப்படி? உரிக்கக்கூடிய உறை என்றால், வெட்ட வேண்டிய இடத்தில் பிவிசி டேப்பை இறுக்கமாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். அதன் விளிம்பை ஒட்டி ஆழம் அமைக்கக்கூடிய வளையவெட்டியால் ஒரு வட்டம் போடுங்கள். உறையின் தடிமன் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். கத்தி அதில் பாதிவரை போனால் போதும். மீதியைக் கிழித்தே எடுக்கலாம். பிறகு முனையிலிருந்து அந்த வட்டம் வரை இரண்டு மூன்று நீளக்கோடுகள், அதே பாதி ஆழத்தில். முனையில் இடுக்கியால் பிடித்து, வாழைப்பட்டை உரிப்பதுபோல் மெல்ல உரியுங்கள். வட்டத்தை நெருங்கும்போது நீளவாக்கில் இழுப்பதை நிறுத்திவிட்டுச் சுற்றுவாக்கில் இழுக்க வேண்டும். இல்லையென்றால் டேப்புக்கு அப்பாலும் உறை தூக்கிக்கொண்டு வரும். காப்போடு ஒட்டி வார்த்த உறை என்றால் இந்த வித்தை எதுவும் நடக்காது. அதற்குச் சுரண்டும் கருவிதான்.

அடுத்தது தேய்ப்பது. அலுமினியம் ஆக்சைடு தாள் மட்டும். முதலில் 120, பிறகு 240. எமரித் தாள் வேண்டாம், அதன் துகளில் மின்சாரம் கடத்துபவையும் உண்டு. கறுப்பு உறையைத் தேய்த்த தாளைத் திருப்பி வெள்ளைக் காப்பில் வைக்கக்கூடாது. துடைக்கும்போதும் அதே விதி: கடத்தி முனையிலிருந்து உறையை நோக்கி ஒரே திசையில் ஒரே இழுப்பு, துணியை எறி, புதிய துணி எடு. உறைப் பக்கம் போன துணி காப்புப் பக்கம் திரும்பினால் கண்ணுக்குத் தெரியாத கரிப்பாதை ஒன்றை நீங்களே வரைந்துவிடுகிறீர்கள்.

இன்னொன்று. இந்த ஊர் ஈரப்பதத்தில் வேர்வைத்துளியைத் தனியாகக் கவனிக்க வேண்டும். குனிந்து வேலை செய்யும்போது நெற்றியிலிருந்து ஒரு சொட்டு காப்பின் மேல் விழுந்தால் உப்பும் நீரும் அங்கேயே அடைபடும். தலைப்பட்டை கட்டுங்கள், நைட்ரைல் கையுறை போடுங்கள். பாதியில் சாப்பிடப் போவதாக இருந்தால் முனையை மூடிவிட்டுப் போங்கள். கேபிளின் வெட்டு முனையைத் திறந்தபடி விட்டால் கம்பி இழைகளுக்கு நடுவே ஈரம் ஏறும்.

குழாயைச் சுருக்க மஞ்சள் நுனியுள்ள மென்மையான தீ. நீலக் கூர்ந்தீ காப்பைப் பொசுக்கும். இணைப்பு என்றால் நடுவில் தொடங்கி இரு பக்கமும். முனை என்றால் வரைபடம் எந்தப் பக்கம் சொல்கிறதோ அங்கே தொடங்கி ஒரே திசையில். தீயைச் சுற்றிச் சுற்றி நகர்த்த வேண்டும். இரண்டு முனைகளையும் முதலில் சுருக்கினால் நடுவில் காற்றைச் சிறைபிடித்துவிடுவீர்கள். அளவுகளைப் பொறுத்தவரை, ஒரு நிறுவனத்தின் தாளில் உள்ள எண்ணை இன்னொரு நிறுவனத்தின் கிட்டுக்குப் போடாதீர்கள். கிட்டைத் திறந்ததும் முதல் வேலை உள்ளே இருக்கும் தாளைப் படிப்பது. பெட்டியோடு குப்பைக்கு முதலில் போவதும் அந்தத் தாள்தான் என்பது வேறு விஷயம்.

பயிற்றுநர்களுக்கு ஒரு வார்த்தை: முடித்த முனைகளை நீளவாக்கில் ரம்பத்தால் அறுத்து மேசையில் வையுங்கள். அறுத்த பரப்பில் கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் காற்றுப் பை, நகர்ந்துபோன அழுத்தக் கட்டுப்பாட்டுக் குழாய் (மின்புல நெருக்கத்தைத் தணிப்பது), சரியாக நிரம்பாத மஞ்சள் மாஸ்டிக் (இடைவெளி நிரப்பும் பசை) எல்லாம் அப்பட்டமாகத் தெரியும். கேபிள் துண்டுக்கு ஆகும் செலவைப் பார்த்து இதைத் தவிர்க்கும் பட்டறைகள் மிச்சம் பிடிப்பது தவறான இடத்தில்.

கேள்வி: லக் (கம்பி நுனியில் மாட்டும் உலோகக் குழல்) அமுக்கியபின் கையால் இழுத்துப் பார்ப்பது போதுமான சோதனையா?
- தெம்பனிஸ்

பதில்: கையால் இழுத்தால் வராது, சரி. அரைகுறையாக அமுக்கியதும்தான் வராது. 300 ஆம்பியர் ஓடும் இடத்தில் இணைப்பின் தடை ஒரு மில்லி ஓம் என்றால், அங்கே 90 வாட் வெப்பம். அதே தடை பத்தில் ஒரு பங்காக இருந்தால் 9 வாட். இந்த வித்தியாசம் கைக்குத் தெரியவே தெரியாது. மைக்ரோ ஓம் மீட்டர் வைத்து, அதே நீளமுள்ள வெறும் கடத்தியின் தடையோடு ஒப்பிடுங்கள். இணைப்பு அதைவிட மோசமாக இருக்கக்கூடாது.

தவறு பெரும்பாலும் மூன்று இடத்தில் நடக்கும். லக்கின் மேல் எழுதிய அளவும் டையின் (அமுக்கும் அச்சின்) அளவும் வேறாக இருப்பது. கம்பி குழலின் அடிவரை போகாமல் இருப்பது (பார்வைத்துளை இருந்தால் அதில் இழை தெரிய வேண்டும்). ஒரு அமுக்கோடு நிறுத்துவது. தயாரிப்பாளர் வேறு விதமாகச் சொல்லாதவரை லக்கின் தட்டைப் பக்கத்தில் தொடங்கி வாயை நோக்கி அமுக்கிக்கொண்டு வாருங்கள். அலுமினியக் கம்பி என்றால் கம்பித்தூரிகையால் ஆக்சைடைத் தேய்த்த கையோடு பசை தடவி உடனே செருக வேண்டும். தேய்த்துவிட்டு டீ குடிக்கப் போனால் ஆக்சைடு திரும்பி வந்திருக்கும். அலுமினியத்தைச் செம்புப் பட்டையில் மாட்ட இருஉலோக லக் தேவை. வாரத்துக்கு ஒரு லக்கைக் குறுக்காக அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: நன்றாக அமுக்கியதில் இழைகள் வட்டம் இழந்து ஒன்றோடொன்று ஒட்டி, நடுவில் இடைவெளி இல்லாமல் இருக்கும்.

கேள்வி: பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்கில் சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு. புத்தகத்தில் பழுப்பு, கறுப்பு, சாம்பல், நீலம். எதை மனப்பாடம் செய்வது?
- மாணவி, அங் மோ கியோ

பதில்: இரண்டையும். இங்கே புதிய நிறங்கள் 2009-இல் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் கட்டியவற்றில் பழைய நிறமே இருக்கும், பல பலகைகளில் இரண்டும் கலந்தே இருக்கும்.

ஆபத்து இரண்டு நிறங்களில்தான். பழையதில் கறுப்பு நியூட்ரல். புதியதில் கறுப்பு இரண்டாம் முனை, அதாவது உயிருள்ளது (மின்னழுத்தம் உள்ளது). பழையதில் நீலம் மூன்றாம் முனை, உயிருள்ளது. புதியதில் நீலம் நியூட்ரல். ஒரே பலகையில் பழைய நீலத்தையும் புதிய நீலத்தையும் 'நிறம் ஒன்றுதானே' என்று ஒரே கட்டையில் சேர்த்தால் முனைக்கும் நியூட்ரலுக்கும் நேரடி ஷார்ட். பழைய கறுப்பையும் புதிய கறுப்பையும் சேர்த்தாலும் அதே கதி. பச்சை-மஞ்சள் மட்டும் இரண்டிலும் எர்த்தாகவே நிற்கிறது.

ஆகவே நிறத்தைப் பார்த்து ஊகிக்கலாம், முடிவு செய்யக்கூடாது. கலந்த பலகையில் ஒவ்வொரு முனையிலும் எல்1, எல்2, எல்3, என் என்று அடையாள வளையம் போடுங்கள், பலகைக் கதவில் எச்சரிக்கை ஒட்டுங்கள். மோட்டார் இருந்தால் மாற்றி முடித்ததும் சுழலும் திசையைப் பாருங்கள். பம்ப் தண்ணீரே தள்ளவில்லை என்று வரும் புகார்களில் சில, இரண்டு முனை இடம் மாறியதால் வந்தவை.

கேள்வி: துவாஸில் கேபிள் இழுக்கும் வேலையில் இருக்கிறேன். தஞ்சாவூர்ப் பக்கம் ஐடிஐ-யில் பாடம் எடுக்கும் தம்பி கம்பப் பயிற்சிக்கு இடம் ஒதுக்கியிருக்கிறான். எப்படி அமைப்பது, முதலில் என்ன கற்றுத்தருவது என்று கேட்கிறான்.
- துவாஸ்

பதில்: கம்பத்தின் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் என்பது வழக்கமான கணக்கு, 9 மீட்டர் கம்பத்துக்கு 1.5 மீட்டர் குழி. பயிற்சிக் களத்தில் அதே ஆழத்துக்குக் குட்டைக் கம்பங்கள் சிலவும் நடச் சொல்லுங்கள். கை மார்பு உயரத்தில் இருக்கும்படி குறுக்குச்சட்டம், பின் இன்சுலேட்டர், ஷேக்கிள் (கம்பியைத் தாங்கும் காப்பான்கள்) எல்லாம் மாட்டி, கட்டுக்கம்பி கட்டுவதை முழுக்கத் தரையில் நின்றே பழக்கிவிட வேண்டும். ஏறுவதையும் கட்டுவதையும் ஒரே நாளில் கற்றுத்தந்தால் பையன் கம்பத்தைப் பிடித்துக்கொள்வதிலேயே கவனமாக இருப்பான், கட்டு கோணலாகும். ஏறும் பயிற்சிக்கு முழு உடல் சேணமும், மேலிருந்து தொங்கும் விழுகைத் தடுப்புக் கயிறும் கட்டாயம். இடுப்பு பெல்ட் மட்டும் போதாது. அது வேலை செய்யும்போது சாய்ந்து நிற்க உதவுமே தவிர, விழுபவனைக் காப்பாற்றுவதற்கானது அல்ல.

முதல் பாடம் எர்த் ராட், அதாவது கம்பியை மண்ணோடு இணைக்கும் கோல். எல்சி (லைனில் வேலை செய்யத் தரும் அனுமதி) வாங்கியாயிற்று, ஏபி சுவிட்சை (லைனைத் துண்டிக்கும் திறந்தவெளிச் சுவிட்ச்) திறந்தாயிற்று, மூன்று கத்தியும் உண்மையிலேயே விலகியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்தாயிற்று, டெஸ்டரால் சோதித்தாயிற்று. அப்போதும் கம்பியை எர்த் செய்யாமல் தொடக்கூடாது. மாட்டும்போது மண் முனை முதலில், கம்பி முனை பிறகு. கழற்றும்போது கம்பி முனை முதலில், மண் முனை கடைசியில். வரிசையை மாற்றினால், ஏதோ காரணத்தால் கம்பியில் மின்சாரம் இருந்தால், மண்ணைத் தேடும் அந்த முனை உங்கள் கையில்தான் இருக்கும். வேலை செய்யும் இடத்துக்கு ஒரு பக்கம் மட்டும் போட்டால் பாதி வேலைதான், இரண்டு பக்கமும் போட வேண்டும்.

அணைத்த லைனில் மின்சாரம் எங்கிருந்து வரும் என்று மாணவன் நிச்சயம் கேட்பான். வீட்டு ஜெனரேட்டரிலிருந்து. மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் ஒருவர் ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கில் செருகினால் 230 வோல்ட் தெருக்கம்பிக்கு வந்து, 11,000/433 டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறும். முனைக்கு 44 மடங்கு. பக்கத்து வீட்டுச் சுமைகள் ஜெனரேட்டரை இழுத்து நிறுத்தாவிட்டால், 'செத்த' லைனில் 10,000 வோல்ட்டுக்கு மேல். இதைக் கரும்பலகையில் பெருக்கிக் காட்டச் சொல்லுங்கள். சிங்கப்பூரில் கூரைக்குக் கூரை சூரியத்தகடு ஏறிவிட்டதால் இங்கேயும் இது வேண்டாத பாடம் அல்ல. கட்டமைப்பில் மின்சாரம் போனால் தானாக நின்றுவிடும்படி இன்வெர்ட்டர்களை அமைக்கிறார்கள். ஆனால் தகட்டுக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையிலுள்ள நேர்மின்னோட்டக் கம்பியில் வெயில் இருக்கும்வரை மின்னழுத்தம் இருந்துகொண்டேதான் இருக்கும்.

கேள்வி: புதிதாக வயரிங் செய்த சுற்றில் மெக்கர் (காப்பின் தடையை அளக்கும் கருவி) 0.02 மெகா ஓம் காட்டியது. எல்லா வயரையும் பிரித்துப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. ஏன்?
- மாணவர், சுவா சூ காங்

பதில்: வயரைப் பிரிக்கும் முன் என்னென்ன மாட்டியிருந்தது என்று பார்த்தீர்களா? நியான் விளக்குள்ள சுவிட்ச், எல்இடி டிரைவர், மின்னெழுச்சிக் காப்பான், மங்கலாக்கி ஆகிய எல்லாமே 500 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் குறைந்த தடை காட்டும். சிலது கெட்டும் போகும். அவற்றைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். கழற்ற முடியாத இடத்தில் முனையையும் நியூட்ரலையும் ஒன்றாகச் சேர்த்து எர்த்துக்கு எதிராக அளக்கலாம். மின்னெழுச்சிக் காப்பான் மட்டும் இந்த முறைக்கும் அடங்காது; அதைக் கழற்ற வழியே இல்லை என்றால் 250 வோல்ட்டில் அளப்பது வழக்கம். விளக்குச் சுவிட்சுகள் போட்ட நிலையில் இருக்கட்டும், இல்லாவிட்டால் சுவிட்சுக்கு அப்பாலுள்ள வயர் சோதனைக்குள் வராது.

400/230 வோல்ட் சுற்றுக்குக் குறைந்தது 1 மெகா ஓம் வேண்டும். புது வயரிங்கில் 1.2 வந்தால் விதிப்படி தேறிவிடும், ஆனால் நாங்கள் விடமாட்டோம். புதுக் கேபிள் நூற்றுக்கணக்கில் காட்ட வேண்டியது. எங்கோ ஆணி உரசியிருக்கிறது, அல்லது குழாய்க்குள் தண்ணீர் நிற்கிறது.

அளக்கும் முன் மெக்கரின் இரு வயர்களையும் ஒன்றோடொன்று தொட்டுப் பூஜ்யம் வருகிறதா, விலக்கினால் முள் மேலே போகிறதா என்று பாருங்கள். நீளமான கேபிள் என்றால் எண்ணைத் தனியாகப் பார்க்காதீர்கள். நீளம் கூடக்கூட அளவு குறைவது இயல்பு. மெகா ஓமைக் கிலோமீட்டரால் பெருக்கி ஒப்பிடுங்கள். அளந்து முடித்ததும் எர்த் செய்து மின்னேற்றத்தை இறக்குங்கள். நீண்ட கேபிள் நல்ல மின்தேக்கி. மெக்கரை எடுத்த பிறகும் அடிக்கும்.

கேள்வி: ரப்பர் கையுறை போட்டால் மின்சாரம் இருக்கும்போதே வேலை செய்யலாமா? வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நிற்கவே முடியவில்லை.
- ஈசூன்

பதில்: கையுறை கடைசி அரண். மின்சாரத்தை அணைக்க முடிகிற இடத்தில் அணைத்துவிட்டுத்தான் வேலை. வகை 00 என்றால் 500 வோல்ட் வரை, வகை 0 என்றால் 1,000 வோல்ட் வரை. ஒவ்வொரு முறையும் போடும் முன் மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து சுருட்டிக் காற்றை அடைத்து, விரல்களைக் கன்னத்தருகே பிடித்துப் பாருங்கள். சிறு துளை இருந்தாலும் காற்று கன்னத்தில் படும். ரப்பருக்கு மேல் தோல் உறை போடாமல் வேலை செய்தால் ஒரு கம்பி இழை போதும், கதை முடிந்தது. மடித்து டூல் பாக்ஸின் அடியில் திணிக்காதீர்கள். மடிந்த இடத்தில்தான் முதலில் வெடிக்கும்.

வெயில் விஷயம்: வெளியில் கடும் உடலுழைப்பு என்றால், வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் டபிள்யூபிஜிடி அளவு 32 பாகையைத் தொட்டதும் மணிக்கு 10 நிமிடமாவது நிழலில் ஓய்வு தர வேண்டும் என்பது மனிதவள அமைச்சின் விதி. கையைத் துடைத்து உலர்த்தி, உள்ளே மெல்லிய பருத்திக் கையுறையை மாற்ற அந்த நேரம் சரியாக இருக்கும். சட்டையும் பருத்தியாக இருக்கட்டும். மின்வில் தீயில் நைலான் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: படிப்பு முடிந்ததும் உரிமம் கிடைத்துவிடுமா?
- பிடோக்

பதில்: சான்றிதழ் வேறு, உரிமம் வேறு. உரிமம் தருவது எரிசக்திச் சந்தை ஆணையம். மூன்று படிகள்: மின்பணியாளர் 45 கேவிஏ (மின்திறன் அளவு) வரை, தொழில்நுட்பர் வடிவமைப்பிலும் நிறுவலிலும் 150 கேவிஏ வரை, இயக்குவதில் 500 கேவிஏ வரை. இந்த இரண்டுக்கும் 1,000 வோல்ட் எல்லை உண்டு. மூன்றாவது பொறியாளர், அவருக்கு இந்த வரம்புகள் இல்லை. தகுதியோடு வேலை அனுபவமும் கேட்பார்கள். அதனால் முதல் நாளிலிருந்தே என்ன வேலை, எந்த மின்னழுத்தம், யாருடைய மேற்பார்வை என்று ஒரு நோட்டில் எழுதி, மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

கேள்வி: மகள் முதலாண்டு மின்வேலை படிக்கிறாள். வீட்டில் சாக்கெட் ஒன்று ஆடுகிறது. அவளையே மாற்றச் சொல்லலாமா?
- உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: வேண்டாம். நிலையான வயரிங்கில் கைவைப்பது உரிமம் பெற்றவர் வேலை. அப்படியே வீட்டில் ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) இருக்கிறதா என்றும் அவரையே பார்க்கச் சொல்லுங்கள். 1985-க்கு முந்தைய வீடுகளுக்கும் 2025 ஜூலை 1 முதல் அது கட்டாயம்.

மகளுக்கு வேலை கொடுக்க வேண்டுமென்றால் 13 ஆம்பியர் பிளக் ஒன்றைக் கொடுங்கள். முதலாண்டில் அதையே சரியாக மாட்டுபவர்கள் குறைவு. பிளக்கைத் திறந்து உள்பக்கம் பார்த்தால் பழுப்பு வலப்பக்கம், ஃபியூஸ் இருக்கும் முனையில்; நீலம் இடப்பக்கம்; பச்சை-மஞ்சள் மேலே. பச்சை-மஞ்சளை மற்ற இரண்டைவிடக் கொஞ்சம் நீளமாக விட வேண்டும். யாராவது வயரைப் பிடித்து இழுத்தால் கடைசியாகப் பிடுங்கிக்கொள்வது எர்த்தாக இருக்கட்டும். வயரின் வெளியுறை பிடிப்பானுக்கு அடியில் வரை வந்திருக்க வேண்டும், உள்வயர்கள் பிடிப்பானில் நசுங்கக்கூடாது. இழைகளை முறுக்கித் திருகுக்கு அடியில் முழுதாக அடைக்க வேண்டும். வெளியே ஒரு இழைகூட நீட்டக்கூடாது. டேபிள் விளக்குக்கு 13 ஆம்பியர் ஃபியூஸ் போட்டிருந்தால் கழற்றி 3 ஆம்பியர் போடச் சொல்லுங்கள். சுமார் 700 வாட் வரையுள்ள சாதனங்களுக்கு அதுவே போதும். மூடியைத் திருகும் முன் உங்களைக் கூப்பிட்டுக் காட்டட்டும்.